பக்கவாதமும் இல்லறத்தார் கடமையும்

இல்லறத்தார்க்கு உரிய தானங்கள் நான்கு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் அந்நான்கனுள் மருந்தும் ஒன்றாக வைத்து எண்ணப்பெற்றமை நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்த செய்தி. அகத்தவங்கள் ஆறனுள் வையாவிருத்தியம் எனப்படும் பணிவிடையும் ஒன்று. அது துறவோரை முன்னிட்டு உரைக்கப்பட்டதாயினும், நோயுற்றார்க்கு உடனிருந்து செய்யும் தொண்டு எத்துணை உயர்ந்தது என்பதை நமக்கும் உணர்த்துகின்றது.

ஆயின், தொண்டு செய்யும் விருப்பம் மட்டும் போதுமா? எதனைச் செய்தல் வேண்டும், எதனைச் செய்யாது விடுதல் வேண்டும் என்னும் அறிவும் உடன் வேண்டும். அறிவொடு கூடாத அன்பு சில நேரங்களில் நோயினும் மிகுந்த தீங்கைச் செய்துவிடும். இவ்வுண்மையை ஒரு நோயின் வாயிலாக ஈண்டு ஆராய்வோம். முன்னறிவிப்பின்றி வந்து, ஒரு நொடியில் ஒருவரது வாழ்வையும் அவர் குடும்பத்தின் வாழ்வையும் மாற்றிவிடும் பக்கவாதமே அந்நோய்.

ஓர் இல்லத்தில் ஒரு காலை

வந்தவாசிப் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். குடும்பம் கற்பனையே, அதில் நிகழ்வன யாவும் பல இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வன. குடும்பத் தலைவர் அறுபத்திரண்டு வயதினர்; ஓய்வுபெற்ற ஆசிரியர். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணுமாறு மருத்துவர் கூறியிருந்தும், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சில திங்களாக நிறுத்திவிட்டவர்.

காலை ஆறரை மணி. நீராடி, ஜினாலயம் செல்லப் புறப்பட்டவர், மேல்துண்டை எடுக்கக் கை நீட்டுகிறார். வலக்கை எழவில்லை. மனைவியை அழைக்க வாய் திறக்கிறார். குழறிய ஒலி மட்டுமே வருகிறது. வாயின் ஒரு புறம் கோணுகிறது. சுவரில் சாய்ந்தவாறு அமர்ந்துவிடுகிறார்.

அடுத்த சில நிமிடங்களில் அவ்வில்லத்தில் மூன்று கருத்துகள் எழுகின்றன. மனைவியார் பதறி, சுக்குக் கஷாயம் வைத்துப் புகட்ட விரைகிறார். அடுத்த வீட்டில் வாழும் தமையனார், "பித்த மயக்கமாக இருக்கும், சற்றுப் படுக்க வையுங்கள். பத்து மணிக்கு நம் மருத்துவர் வந்துவிடுவார்" என்கிறார். மருமகள், "இல்லை மாமா, இது வேறு. இப்பொழுதே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு 108 எண்ணுக்குப் பேசுகிறாள். மூவரும் அவர்மேல் அன்புடையோரே. ஆயின் அம்மூன்று கருத்துகளுள் ஒன்றே அவரைக் காக்கவல்லது.

மூளைக்குள் நிகழ்வது என்ன?

மனித உடலின் எடையில் மூளை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. எனினும் உடல் ஏற்கும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கிறது. தனக்கென உணவைச் சேர்த்துவைக்கும் இயல்பும் அதற்கு இல்லை. ஆதலின் குருதியோட்டம் தடைப்பட்ட சில நிமிடங்களிலேயே மூளையின் அணுக்கள் மடியத் தொடங்குகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு மருத்துவம் கிட்டாத நிலையில், ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை கணக்கிட்டது.

இந்நோய் இருவகைப்படும். குருதி உறைந்த கட்டி, குழாயை அடைத்தலால் வருவது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் குருதி கசிதலால் வருவது மற்றொன்று. முதல் வகையே மிகுதி. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகைக்கு உறைகட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதே மருந்தை இரண்டாம் வகைக்குச் செலுத்தின் உயிருக்கே இறுதியாகும். இவற்றைப் பிரித்தறிய சி.டி. ஸ்கேன் முதலிய படக்கருவி இன்றியமையாதது. ஆகவேதான், அண்மையிலுள்ள சிறு மருத்துவமனையைக் காட்டிலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்லுதல் வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதும் இதனாலேயே தவறாகிறது.

காலத்தின் அருமை

கட்டியைக் கரைக்கும் மருந்து பயன் தரும் என்பதை 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த பெரும் ஆய்வு நிறுவியது. அப்பொழுது அதற்கு வகுக்கப்பட்ட எல்லை மூன்று மணி நேரம். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு அவ்வெல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாயின் அடைப்பை நுண்குழல் செலுத்தி வெளியே எடுக்கும் முறை, 2015ஆம் ஆண்டு ஆய்வுகளுக்குப் பின் நிலைபெற்றது. தகுதியுடைய சிலர்க்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படும் என 2018ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

எல்லை நீண்டிருக்கிறதே என்று எவரும் காலந்தாழ்த்தலாகாது. நாலரை மணி என்பது மருந்து செலுத்தத்தக்க கடைசி எல்லை. முதல் மணி நேரத்தில் பெறும் பயன் நான்காம் மணியில் கிட்டாது. அந்நேரம் எப்பொழுது தொடங்குகிறது என்பதையும் அறிதல் வேண்டும். வீட்டார் கண்ட நேரத்திலிருந்தன்று. நோயாளர் கடைசியாக நலமுடன் இருந்த நேரத்திலிருந்தே கணக்கிடுவர். இரவு பத்து மணிக்கு நலமாக உறங்கச் சென்றவர் காலையில் கை விழுந்த நிலையில் எழுந்தால், மருத்துவர் கேட்பது அந்தப் பத்து மணியையே. அந்நேரத்தைத் தாளில் குறித்துச் செல்லுதல் இல்லத்தார் செய்யும் முதல் உதவியாகும்.

நாம் எண்ணிய இல்லத்தில் மருமகளின் சொல் வென்றது. ஊர்தி வரும்வரை அவள் செய்தவை நான்கு. கஷாயத்தைத் தடுத்தாள், விழுங்கும் தசை செயலிழந்திருப்பின் ஒரு மிடறு நீரும் நுரையீரலுக்குள் சென்றுவிடும். மாமனாரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். "ஆறரை மணி வரை நலம்" என எழுதினாள். அவர் உண்டுவந்த மாத்திரைகளின் உறைகளை ஒரு பையில் இட்டாள். எட்டே முக்காலுக்கு மருத்துவமனை. ஒன்பதரைக்குள் ஸ்கேன் முடிந்து, குருதிக்கசிவு இல்லை என்று தெளிந்து, மருந்து செலுத்தப்பட்டது. பத்து மணிக்காகக் காத்திருந்து, மருத்துவர் கண்டு, பின்னர் நகரம் சென்றிருப்பின் அம்மருந்துக்குரிய காலம் கடந்திருக்கும்.

"எல்லாம் வினைப்பயன், வருவது வந்தே தீரும்" என்று கூறி வாளாவிருப்போர் நம்மிடையேயும் உளர். வினைக்கொள்கையை அவர்கள் சரிவர உணர்ந்திலர் என்க. துன்பம் வந்ததற்கு முன்வினை காரணமாகலாம். வந்த துன்பத்தின்போது நாம் செய்வது இன்றைய வினை. அதற்குப் பொறுப்பு நம்முடையது. முயற்சியை விலக்கும் சோம்பலுக்கு வினையைத் துணையாக அழைத்தல் அறமாகாது.

மருத்துவமனையில் முதல் நாள்கள்

உயிர் பிழைத்தார் என்றவுடன் உற்றார் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையைச் சூழ்ந்து, "எழுந்து உட்காருங்கள்", "நடந்து பாருங்கள்" என்று ஊக்குவிப்பர். விரைவில் நடந்தால் விரைவில் குணமாகும் என்பது அவர்தம் எண்ணம். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு மாறான முடிவைக் கண்டது. 2104 நோயாளரிடையே நடத்தப்பெற்ற அவ்வாய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி மிகுதியாகப் பயிற்சி அளிக்கப்பட்டோர், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டோரினும் குறைந்த நலமே பெற்றனர். பயிற்சி வேண்டும், அதனைத் தொடங்கும் பொழுதையும் அளவையும் மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

உணவும் அவ்வாறே. விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பின்னரே வாய்வழி உணவு அளிக்கத்தக்கது. அனுமதி கிடைத்தபின், நிமிர்ந்து அமரச் செய்து, சிறு கரண்டியால் குழைந்த உணவை ஊட்டி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்ததைத் தருதல் வேண்டும். இருமலோ குரலில் ஈரத்தன்மையோ தோன்றின் உடனே நிறுத்துக. படுத்த நிலையில் பரிவோடு ஊட்டிய கஞ்சி, நுரையீரல் அழற்சிக்குக் காரணமாவது உண்டு.

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குதல் மற்றொரு பிழை. தசையின் பிடிப்பு தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். அதன் வலி பல திங்கள் நீடித்து, பயிற்சிக்கே தடையாகும். தானே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண்ணைத் தவிர்க்கலாம்.

இல்லம் திரும்பிய பின்

பத்தாம் நாள் ஆசிரியர் இல்லம் திரும்பினார். கால் ஓரளவு ஊன்றியது. வலக்கை மடியில் கிடந்தது. பேச்சோ வரவில்லை. நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த நா, மனைவியின் பெயரைத் தேடித் தோற்றது. தண்ணீர் வேண்டும்போது "பேனா" என்றார். தாம் சொன்னது தவறு என்பதையும் உணர்ந்து கண் கலங்கினார். பார்க்க வந்தோர் சிலர், அவர்க்குக் காது கேளாதது போல உரத்த குரலில் பேசினர். வேறு சிலர், அறிவே போய்விட்டதெனக் கருதி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி இரங்கிப் பேசினர்.

இது பேச்சிழப்பு என்னும் நிலை. பெரும்பாலோர்க்கு மொழியை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கம் அமைந்துள்ளது. அப்பகுதி உடலின் வலப்பக்கத்தையும் இயக்குவதால், வலக்கை விழுந்தவர்க்குப் பேச்சும் கெடுதல் மிகுதி. சொல் வெளிவாராவிடினும், பலர்க்கு அறிவும் நினைவும் மான உணர்வும் குறைவின்றி உள்ளன. அவரிடம் இயல்பான குரலில், சிறு சிறு தொடர்களாக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுதல் வேண்டும். "ஆம்", "இல்லை" என்று விடையிறுக்கத்தக்க வினாக்களைக் கேட்டல் நன்று. அவர் சொல்லைத் தேடும்போது நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் காத்திருத்தல் வேண்டும். இல்லத்தார்க்கு இது மிகக் கடினமான தவம்.

ஒரு நாள் வைகறையில் அவர்தம் மனைவியார் வழக்கம்போல் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதிக்கொண்டிருந்தார். இரண்டாம் அடியில் மற்றொரு குரல் இணைந்தது. திரும்பிப் பார்த்தார். கட்டிலில் அமர்ந்து கணவர் ஓதிக்கொண்டிருந்தார், சொல் பிசகவில்லை. ஓதி முடிந்ததும் ஏதோ பேச முயன்றார், மீண்டும் குழறியது. அம்மையார் அதனை அற்புதம் எனக் கருதினார். மருத்துவ நூலார் இதற்குக் காரணம் கூறுவர். சிறு வயது முதல் பல்லாயிரம் முறை ஓதிய மந்திரமும், பாட்டும், ஒன்று இரண்டு என எண்ணும் வரிசையும் சிந்தித்துக் கோக்கும் பேச்சின் வழியில் மட்டும் அடங்குவன அல்ல. பேச்சிழந்தோர் பலரிடத்தும் அவை எஞ்சி நிற்கின்றன. பேச்சுப் பயிற்சி அளிப்போர் இதனைத் தொடக்கப்படியாகக் கொள்வதும் உண்டு. காரணம் அறிந்ததனால் அம்மையாரின் மகிழ்ச்சி குறைந்துவிடவில்லை. அன்று முதல் வைகறை ஓதுதல் இருவருக்கும் உரிய பயிற்சி ஆயிற்று.

மாத்திரையும் நோன்பும்

இங்கு ஓர் இடர் எழுந்தது. ஆசிரியர் இளமை முதல் இரவுணவு நீக்கியவர். இரவு எட்டு மணிக்கு உண்ணுமாறு எழுதப்பட்ட மாத்திரையை மருமகள் நீட்டியபோது, கையால் விலக்கிவிட்டார். வற்புறுத்தியபோது கண்ணீர் பெருகியது. பேச்சும் கையும் போன பின்னும் அவரிடம் எஞ்சியிருந்தது அந்நோன்பு ஒன்றே. "உயிரைவிட நோன்பா?" என்றான் மகன். "நோன்பைக் கெடுத்து உயிரா?" என்றார் தமையனார். இரு நாள் மாத்திரை உண்ணப்படாமலே கழிந்தது.

மூன்றாம் நாள் மருமகள் மருத்துவரிடமே கேட்டாள். அவர் மருந்துச் சீட்டை நோக்கி, எல்லா மாத்திரைகளையும் காலையிலும், கதிரவன் மறைவதற்கு முன்னும் உண்ணுமாறு மாற்றி எழுதிக் கொடுத்தார். ஒரு வினாவில் தீர்ந்த இடர் அது. எல்லா மருந்துகளுக்கும் இவ்வாறு இயலும் எனக் கூறல் இயலாது. ஆயினும் பல மருந்துகளுக்கு இயலும். நம் ஒழுக்கத்தை மருத்துவரிடம் முதல்நாளே எடுத்துரைத்தல் நம் கடமை. சொல்லாததை அவர் அறியார். முழுநாள் உபவாசம் இருப்போரும் இதனை உணர்தல் வேண்டும். நீரிழிவு மருந்தை உண்டு உணவை நீக்கின் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் நேரும். அழுத்த மாத்திரையைத் தாமே நிறுத்தின் நோய் மீளும். நோயுற்ற காலத்தில் நோன்பின் அளவைச் சுருக்கிக்கொள்ளுதல் நோன்பை இகழ்தல் ஆகாது.

குடும்பத்தின் எல்லை

குடும்பத்தார் அன்பு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எழுதுவது எளிது, கேட்கவும் இனிது. உண்மை அவ்வளவு எளிதன்று. பயிற்சியாளர் குறைவாக உள்ள நம் நாட்டில், குடும்பத்தார்க்கே பயிற்சி முறைகளைக் கற்பித்தால் நோயாளர் மிகுதியாக நலம் பெறுவரா என்பதை அறிய, 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரைக் கொண்டு பேராய்வு ஒன்று நிகழ்ந்தது. அதன் முடிவு 2017ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆறு திங்களுக்குப் பின் நோக்கியபோது, கற்பிக்கப்பட்ட குடும்பத்து நோயாளர்க்கும் வழக்கமான கவனிப்புப் பெற்றோர்க்கும் இடையே வேறுபாடு இல்லை. இரு சாராரிலும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, பிறரைச் சார்ந்து வாழும் நிலையிலோ இருந்தனர்.

இதனால் குடும்பத்தின் துணை வீண் என்று கொள்ளலாகாது; அவ்வாய்வில் இரு சாராரும் குடும்பத்தின் அரவணைப்பில் இருந்தவர்களே. நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு. பயின்ற இயன்முறை மருத்துவரின் இடத்தைப் பாசத்தால் மட்டும் நிரப்பிவிட இயலாது. அவரிடம் தவறாது அழைத்துச் செல்லுதலும், அவர் சொன்ன பயிற்சியை நாள்தோறும் செய்வித்தலும், இன்று இயலாதது நாளை இயலும் என்னும் நம்பிக்கையைக் காத்தலும் குடும்பத்தின் பணி. முதல் மூன்று திங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னர் மெல்ல நிகழும். ஆண்டுகள் கடந்தும் சிறிது சிறிதாகத் தொடர்தல் உண்டு. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இல்லத்திற்கே வந்து அளிக்கும் இயன்முறை மருத்துவமும் ஒரு பணியாக வகுக்கப்பட்டது. இத்தகைய வாய்ப்புகளை அரசு மருத்துவமனையில் வினவி அறிதல் நன்று.

மற்றொரு செய்தி. நோயுற்றோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு மனச்சோர்வு உண்டாகிறது. அது மனவலிமை இன்மையன்று. மருத்துவத்தால் தீரும் நோய். பணிவிடை செய்வோரும் சோர்வர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவ்வில்லத்தில் மூன்று திங்கள் இரவும் பகலும் விழித்திருந்தவள் மருமகள். ஒரு மாலை, காரணம் தோன்றாமல் அவள் அடுப்பங்கரையில் அமர்ந்து அழுதாள். அன்று அங்கு வந்த தமையனார் சற்று நேரம் பேசாது நின்றார். பின்பு, "அன்று நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என் தம்பி இல்லை, அம்மா. இனி இரவுக் காவல் என்னுடையது. நீ உறங்கு" என்றார். சொன்னவாறே செய்தார். பணிவிடை பெண்டிர்க்கே விதிக்கப்பட்டது என எந்நூலும் கூறவில்லை.

மீண்டும் வாராமற் காத்தல்

பக்கவாதங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று, முன்பே ஒருமுறை உற்றவர்க்கு மீண்டும் வருவது. ஆதலின் இரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்து, மருத்துவர் குறித்த அளவிற்குள் வைத்தல் வேண்டும். மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது. புலால் நீக்கிய உணவு நம்முடையதாயினும், ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் உப்பின் களஞ்சியங்கள் என்பதை மறவற்க. சில நிமிடங்கள் கை மரத்து அல்லது பேச்சுக் குழறி, தானே சரியாகிவிடின், அதனை மகிழ்ந்து மறவாமல் அன்றே மருத்துவரைக் காண்க. வரவிருக்கும் பெருநோய்க்கு அது முன்தூதாகும்.

நினைவில் கொள்ளத்தக்கவை

1. சிரிக்கச் சொல்லுக: முகம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுக: ஒரு கை தாழ்கிறதா? ஒரு தொடரைச் சொல்லச் செய்க: குழறுகிறதா? ஒன்று இருப்பினும் உடனே 108.

2. கடைசியாக நலமுடன் இருந்த நேரத்தைக் குறிக்க.

3. நீர், கஷாயம், உணவு, மாத்திரை எதனையும் வாய்வழி அளியாதிருக்க.

4. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்க.

5. நம் நோன்புகளையும் உணவு நேரத்தையும் மருத்துவரிடம் முன்னரே கூறுக.

6. பணிவிடையை இல்லத்தார் அனைவரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்க.

எட்டாம் திங்களில் ஆசிரியர் கைத்தடி ஊன்றி, தமையனார் ஒரு புறமும் பெயரன் ஒரு புறமும் உடன்வர, ஜினாலயத்தை வலம் வந்தார். வலக்கை முழுதும் மீளவில்லை; இடக்கையால் எழுதப் பழகிவருகிறார். பெயரனை இன்னும் சில நாள் மகனின் பெயரால் அழைக்கிறார். சிறுவன் திருத்துவதில்லை, "என்ன தாத்தா?" என்று வந்து நிற்கிறான்.

இவ்விதழைப் படித்து முடித்தவுடன், மேற்கண்ட ஆறு குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதி, இல்லத்தில் யாவரும் காணும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டுகிறோம். அதற்குத் தேவை நேராதிருக்கட்டும். நேருமாயின், அறியாமையால் எவ்வுயிரும் கெடாதிருக்கட்டும்.

அறம் வளர்க!